மக்கீன் முதலாளி சம்பளத்துக்குப் போனது

கண்டி நகரத்தில் கொழும்பு வீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த குடும்பத்தில் மக்கீன் இளையவர். கடையை அண்ணன் ஹலீம் நானா பார்த்துக்கொண்டார். வாப்பா மௌத்தாவதற்கு முன்பே கடையிலும் திகனவில் இருந்த வயல் தோட்டத்திலும் சரிபாதியை இளையவர் பேருக்கு எழுதிவிட்டார். அதனால் மக்கீன் கடையில் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் அவருக்கு வரவேண்டியது வந்துகொண்டிருந்தது. அவர் உட்காரவில்லை. இருபது வயதிலிருந்து அவர் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஓடி வந்து பந்து வீசுவது.

ஏரிக்கரைச் சங்கத்தின் கிரிக்கெட் அணிக்கு அவர் பதினான்கு வருடம் வீசினார். ஹந்தானை மலையடிவாரத்தில் இருந்த சங்கத்து மைதானத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நான்காம் வருடம், தேயிலைத் தோட்டத்து வெள்ளைத் துரைமார் அணியில் எட்டுப் பேரைப் பகல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வெளியே அனுப்பினார். எட்டாவது ஆளின் ஸ்டம்பு இரண்டாக முறிந்து போனது. துரைமாரின் தலைவர் மைதானத்துக்குள் நடந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றிலிருந்து மக்கீன் தெருவில் நடந்தால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். சலூனில் அவர் தலை தெரிந்ததுமே முடி வெட்டிக்கொண்டிருப்பவர் பாதியில் எழுந்து கதிரையை விட்டுக் கொடுப்பார்.

முப்பதாம் வருடம் ஆவணி மாதத்து மழையில் அது முடிந்தது. ஈரத்தில் முன்கால் வழுக்கியது. காய்ந்த கொப்பு ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது. வேறு யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் மக்கீன் முதலில் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வலது தோளுக்குக் கட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு சிங்கள வைத்தியர் ஆறு வாரம் எண்ணெய் போட்டு நீவினார். கடைசியில் வலது கை தோள் மட்டம் வரைக்கும் உயர்ந்தது. அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட உயரவில்லை.

முப்பத்து நான்கு வயது. வீடு இருந்தது, கார் இருந்தது, நல்ல மனைவி இருந்தாள். காலையில் எழுந்தால் அன்று செய்வதற்கு எதுவும் இல்லை. கடைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். ஆணி கேட்டு வந்தவரிடம் பூட்டை எடுத்துக் கொடுத்தார். நாலாம் நாள் ஹலீம் நானா, "நீ ஊட்ட போய் இரி தம்பி. நான் பார்த்துக்கொள்றேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அது அடித்ததைவிட வலித்தது. திகனத் தோட்டத்துக்குப் போய் மிளகுக்கொடி நடச் சொல்லி ஆள் விட்டார். மூன்றாவது வாரம் அங்கேயும் போவது நின்றுவிட்டது. சாப்பாடு குறைந்தது. பேச்சும் குறைந்தது. மைதானத்துப் பக்கமிருந்து கைதட்டும் சத்தம் வந்தால் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்துவார்.

ஒருநாள் காலை பத்து மணிக்குக் கெட்டம்பேயில் மகாவலிக் கரைக்குப் போனார். மழைக்குப் பிறகு ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. முழங்கால் அளவு தண்ணீரில் அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பது அவருக்கே தெரியாது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர், தண்ணீர் ஏறுகிறது மாத்தயா, மேலே வாருங்கள் என்று சிங்களத்தில் கூப்பிட்டார். இரண்டாம் முறை கூப்பிட்டபோது மக்கீன் மேலே வந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவி கைரியாவிடம், "இன்டைக்கி ஆத்துப் பக்கம் போன" என்றார்.

கைரியா அவருடைய காற்சட்டை நனைந்திருந்த உயரத்தைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. உடுத்த உலர்ந்த சாரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நெடுநேரம் கழித்து, "சங்கத்துல கோச் வேலைக்கு ஆள் தேடுறாங்களாம். இப்ப கோச்சா இரிக்கிற வெள்ளக்கார சார்ஜன்ட் சீமைக்குப் போறாராம். நீங்க போய்க் கேளுங்க" என்றாள்.

"அது சம்பளத்துக்குச் செய்ற வேலை கைரியா."

"இரிக்கட்டும்."

சங்கத்தின் செயலாளர் மயில்வாகனம் கச்சேரி என்ற அரசாங்கக் காரியாலயத்தில் பெரிய எழுத்தர். யாழ்ப்பாணத்துக்காரர். மக்கீனுடைய பந்துவீச்சைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். மக்கீன் கேட்டதும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உமக்கென்ன விசரே மக்கீன்? கோச் எண்டால் சங்கத்தின்ர வேலையாள். பின் கேற்றால வரவேணும். உறுப்பினர் அறையில இருக்கேலாது. வசதியான ஆக்கள் ஆராவது இந்த வேலைக்கு வந்தவையோ, சொல்லும் பாப்பம். எங்கட பழைய ஆட்டக்காரர் ஒருத்தர் தென்னந்தோட்டம் வச்சிருக்கிறார். ஒருத்தர் கோட்டில புறக்டர். ஒருத்தர் சும்மா குதிரைப் பந்தயம் பாக்கிறார். கையில காசிருக்கிறவன் ஏன் வெயிலில நிண்டு மற்றவனுக்குப் பழக்கவேணும்?"

"சம்பளம் வேணாம். சும்மா செய்றேன்."

"அதுவும் ஏலாது. சம்பளம் வாங்காதவனைக் கமிட்டி எப்பிடிக் கேள்வி கேக்கிறது? சம்பளம் வாங்கினால் உறுப்பினர் இல்லை. அதுதான் சட்டம்."

மக்கீன் பேனாவை எடுத்து உறுப்பினர் பதவியை விடுவதாக அங்கேயே எழுதிக் கொடுத்தார். மயில்வாகனம் அதை வாங்கி வாசித்துவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

ஹலீம் நானா ஒரு மாதம் பேசவில்லை. "வாப்பாட பேர வெச்சிக்கொண்டு சங்கத்துல கூலிக்கு நிக்கிறான்" என்று பள்ளிவாசலில் யாரிடமோ சொன்னதாக மட்டும் காதில் விழுந்தது.

மக்கீன் அதைப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு. அவருக்குக் கற்றுக்கொடுக்க வரவில்லை.

அவரிடம் பழக வந்தவர்கள் எல்லாரும் வளர்ந்த ஆட்கள். கச்சேரி எழுத்தர்கள், கடை வைத்திருப்பவர்கள், ரயில்வே சரக்கு ஆபீசில் வேலை செய்த சாஹுல் ஹமீது. ஹமீது நல்ல உயரம். வேகமும் இருந்தது. ஆனால் பந்து நினைத்த இடத்தில் விழாது. "எப்பிடி நீங்க அந்த நேர்ல போட்ட?" என்று கேட்டான். மக்கீன் யோசித்துப் பார்த்தார். எப்படிப் போட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஓடினார், கை சுழன்றது, பந்து போனது. அவ்வளவுதான். பதினான்கு வருடத்தில் ஒருநாள்கூட அதை நினைத்துப் பார்க்கவேண்டிய தேவை வரவில்லை. செய்து காட்டலாம் என்றால் கை தோளுக்கு மேலே எழும்ப மறுத்தது. "இப்பிடி" என்று பாதியில் நிற்கும் கையை அசைப்பார். அவர்கள் புரியாமல் பார்ப்பார்கள். அவருக்குக் கோபம் வரும். சத்தம் போடுவார். சத்தம் போடப் போட ஹமீதின் பந்து இன்னும் விலகியது. மூன்று ஆட்டங்களில் வரிசையாகத் தோற்றார்கள். துரைமார் அணியோடு நடக்கும் வருடாந்த ஆட்டத்திலும் தோற்றால் வேறு ஆள் பார்க்கவேண்டி வரும் என்று மயில்வாகனம் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

கடிதம் கிடைத்த மறுநாள் மக்கீன் வழக்கத்தைவிட முன்னதாகவே மைதானத்துக்குப் போனார். வீட்டில் இருக்க முடியவில்லை. பயிற்சி வலைக்குப் பக்கத்தில் ஹமீது ஓடி வந்து வீசிக்கொண்டிருந்தான். ஆறு பந்தில் ஐந்து ஸ்டம்பைத் தொட்டன. மறுமுனையில் ரோலர் இழுக்கும் வீரையா நின்றிருந்தார்.

வீரையா ஹந்தானைத் தோட்டத்து ஆள். மனைவி ராக்கம்மா அங்கே தேயிலைக் கொழுந்து எடுத்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒற்றை அறைக் காம்பிரா அவளுடைய பேரில்தான் இருந்தது. வீரையா சங்கத்தில் நாள் கூலிக்கு ரோலர் இழுப்பார், புல் வெட்டுவார், கோடு போடுவார், உறுப்பினர்கள் மட்டை பழக ஆள் இல்லாதபோது பந்தும் போடுவார். பதின்மூன்று வருடம் இப்படியே. எந்த ஆட்டத்திலும் அவரை இறக்கியது கிடையாது. அப்படி ஒரு யோசனை யாருக்கும் வந்ததும் இல்லை.

ஹமீது வேலைக்குப் போனதும் மக்கீன் வீரையாவிடம் வந்தார். "என்ன சொல்லிக் குடுத்த அவனுக்கு?"

வீரையா பயந்து போனார். "தப்புங்களா மொதலாளி? அவரு கேட்டாரு, அதான். முன்னங்காலு வெளிய போகுது, அத உள்ள வைங்கன்னேன். பந்த விடுற வரைக்கும் மூச்ச விடாதீங்கன்னேன்."

"ஒனக்கு யார் இதச் சொன்ன?"

"நீங்கதானே. நீங்க போட்டத பன்னெண்டு வருசமா ரோலருக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். கடைசி ரெண்டு எட்டு வைக்கையில நீங்க மூச்சப் பிடிச்சிக்குவீங்க. தலை அசையாது. எடது கை கீழ வர்ற நேரந்தான் வலது கை மேல போகும். கையி அலுத்துப் போற அன்னைக்கு ஓடுறதுல ஒரு எட்டக் கொறச்சிக்குவீங்க."

மக்கீன் ரோலரின் மேல் உட்கார்ந்துவிட்டார். தன் உடம்பு செய்த வேலையை வேறொருவர் வாயால் கேட்பது, காணாமல் போன பொருளை அடுத்த வீட்டில் காண்பது போல இருந்தது.

அன்றிலிருந்து தினமும் மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இருவரும் சந்தித்தார்கள். யாருக்கு என்ன குறை, என்ன சொல்லவேண்டும் என்று வீரையா சொல்வார். மக்கீன் அதை மனசில் வாங்கிக்கொண்டு போய்த் தன் வாயால் சொல்வார். ஹமீதுக்கு விஷயம் தெரியும். ஆனால் மக்கீன் அவனை ஒருமுறை பார்த்த பார்வையில் அவன் வாய் திறக்கவில்லை.

முப்பத்திரண்டாம் வருடம் மாசி மாதத்தில் துரைமார் அணியை அவர்கள் தோற்கடித்தார்கள். ஹமீது ஏழு பேரை வெளியேற்றினான். மக்கீனுக்கு மாலை போட்டுத் தோளில் தூக்கி வைத்து ஏரியைச் சுற்றி வந்தார்கள். பெரிய ஆட்டக்காரர் பெரிய கோச்சாகவும் ஆகிவிட்டார் என்று பத்திரிகையில் எழுதினார்கள். ஹலீம் நானா அந்தப் பத்திரிகையைக் கடையில் வைத்து எல்லாருக்கும் காட்டினார். தோளில் இருந்தபோது மக்கீன் ஒரே ஒரு தடவை மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். வீரையா குனிந்து ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மக்கீன் நினைத்துக்கொண்டார்.

அந்த வருடம் தேயிலை விலை விழுந்து கிடந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். வேலைப் பதிவில் பேர் வெட்டப்பட்ட குடும்பங்கள் இந்தியாவுக்குத் திரும்பிப் போகவேண்டும், பயணத்துக்கு டிக்கெட் கொடுப்பார்கள் என்று சொன்னார்கள். ஆனி மாதத்தில் ராக்கம்மாவின் பேர் வெட்டப்பட்டது. பேர் போனால் காம்பிராவும் போகும்.

வீரையா மக்கீனிடம் வந்து நின்றார். பதின்மூன்று வருடத்தில் அவர் எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சங்கத்துல நெரந்தர வேலைன்னு ஒரு காயிதம் குடுத்தாங்கன்னா போதுங்க. பவிலியனுக்குப் பின்னால அந்தச் சாமான் ரூம்ல இருந்துக்குவோம். ரெண்டு பேருதானே. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேப்பாங்க."

மக்கீன் மயில்வாகனத்திடம் போனார். மயில்வாகனம் தலையை ஆட்டினார். "இருக்கிற வேலையாக்களையே குறைக்கச் சொல்லிக் கமிட்டிக்காரர் நிக்கினம். ரோலர் இழுக்க வேற ஆள் கிடைக்காதே? அவன் எதுக்கு உமக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. ஒரு வரிப் பதில். அதைச் சொன்னால் திரும்பவும் அந்தச் சன்னல், கடையில் சும்மா உட்கார்ந்த அந்தக் கதிரை, அந்தச் செம்மண் ஆறு.

"நல்ல வேலைக்காரன்" என்றார்.

"நல்ல வேலைக்காரர் கனபேர் இருக்கினம்" என்று மயில்வாகனம் அடுத்த கடதாசியை எடுத்தார்.

திகனத் தோட்டத்தில் தானே வேலை கொடுக்கலாம் என்பது மக்கீனுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஆனால் வீரையா திகனவுக்குப் போய்விட்டால் காலையில் மைதானத்தில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. எப்படியாவது கமிட்டியைச் சம்மதிக்க வைக்கலாம், அடுத்த மாதம் கேட்கலாம், கொஞ்சம் பொறு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீரையாவும் பொறுத்தார். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வீரையா ரோலரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "வர்ற வெள்ளிக்கெழம ரயிலுங்க. நேத்து ஆபீசுல ஊருக்குப் போறோம்னு ரேகை வச்சிட்டு வந்துட்டோம்."

மக்கீன் வீட்டுக்குப் போய்க் கைரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதையும், தான் வாய் மூடி இருந்ததையும். கைரியா கையில் இருந்த வேலையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஆத்துக்குப் போன அன்டைக்கி நீங்க எனக்கிட்ட சொன்னீங்க. இத ஏன் சொல்லல்ல?"

மக்கீன் எழுந்து சட்டையை மாட்டினார்.

அன்று மாலையே கமிட்டி கூடியிருந்த அறைக்குள் மக்கீன் நேராகப் போனார். அவருக்கு அனுமதி இல்லாத அறை. எல்லார் முன்னாலும் சொன்னார். "துரைமார வெல்ல வெச்சது நான் இல்ல. வீரையாதான். என்ன சொல்லணும்னு ஒவ்வொரு நாளும் அவர்தான் எனக்குச் சொன்ன. கோச் வேலைய அவருக்குக் குடுங்க. நான் போறேன்."

மூலையிலிருந்து ஒருவர் சிரித்தார். மயில்வாகனம் சிரிக்கவில்லை. அவருடைய முகம் சிவந்துவிட்டது.

"ரோலர் இழுக்கிறவன் பழக்கித்தான் வெண்டனாங்கள் எண்டு ஊருக்குச் சொல்லச் சொல்லுறீரோ? நீர் கமிட்டியை ஏமாத்திப் போட்டீர். நாளைக்கு வரவேண்டாம். உந்தக் கதையையும் இந்த அறையோட விட்டிட்டுப் போம்."

கோச் வேலையையே அன்று நிறுத்திவிட்டார்கள். வீரையாவின் பேரைக் கமிட்டியின் குறிப்பில்கூட எழுதவில்லை.

வியாழக்கிழமை மக்கீன் ஹந்தானை ஏறினார். அத்தனை வருடம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே பந்து வீசியவர், லயத்து வாசலுக்குப் போனது அன்றுதான். காம்பிராவுக்கு வெளியே சாமான்கள் மூட்டை கட்டியிருந்தன. ராக்கம்மா அரிவாள்மணையைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். திகனத் தோட்டத்தில் வேலையும் வீடும் தருவதாகத் தன் கைப்பட எழுதிய கடிதத்தை மக்கீன் நீட்டினார்.

வீரையா அதை வாங்கப் போனார். ராக்கம்மா குறுக்கே பேசினாள்.

"இத ரெண்டு மாசத்துக்கு முன்னால குடுத்திருந்தா ஒங்க கால்ல விழுந்து வாங்கியிருப்போம் மொதலாளி. இப்ப ரேகை வச்சாச்சு. நாளைக்கு நாங்க ரயிலேறலைன்னா டிக்கெட்டும் இல்ல, காம்பிராவும் இல்ல. இன்னைக்கு ஒங்களுக்கு மனசு எளகியிருக்கு. நாளைக்கு மாறிடுச்சின்னா நாங்க எங்க போய் நிப்போம்?"

"மாறாது" என்றார் மக்கீன்.

"ரெண்டு மாசமா பொறு, பொறுன்னு இவருக்கிட்ட சொன்னதும் நீங்கதானே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னாள். வீரையா கடிதத்தை மடித்து மக்கீனின் கையிலேயே வைத்தார். மலை இறங்கும் வளைவு வரைக்கும் கூட வந்தார். பிரியும் இடத்தில் எதையோ நினைத்துக்கொண்டவர் போல நின்றார்.

"ஹமீது ஐயாவுக்கு பந்து விடுறதுக்கு முந்தியே எடது தோளு தொறந்து வெளிய திரும்பிடுது. அத மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க. இல்லைன்னா ஒங்களுக்கு ஆன மாதிரி அவருக்கும் ஆயிரும்."

வெள்ளிக்கிழமை கண்டி ஸ்டேஷனில் நானூறு பேருக்கு மேல் ஏறினார்கள். மக்கீன் பெட்டி பெட்டியாகத் தேடினார். வண்டி நகரும்போது ராக்கம்மாவின் முகத்தை மட்டும் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துத் தோட்டங்களுக்குத் திரும்ப ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். அந்தச் செய்தி கேட்ட வாரமே மக்கீன் தலைமன்னாருக்கு ரயிலேறினார். கப்பலில் அக்கரைக்குப் போய், இராமநாதபுரம் பக்கத்தில் வீரையாவின் சொந்த ஊர் என்று தோட்டத்து ஆபீசில் சொன்ன இடத்தைத் தேடினார். பத்தொன்பது நாள் அலைந்தார். கருவேல மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய ஊரில், பேச்சியம்மா என்ற பெண் தன்னை வீரையாவின் பெரியப்பா மகள் என்று சொன்னாள். இருவரும் நாலு மாதம் இங்கே இருந்தார்கள், மழை இல்லை, சாப்பாடு இல்லை, ரங்கூனுக்கு வேலைக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேட்டுக் கப்பல் ஏறினார்கள், அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை என்றாள். "கண்டியிலேருந்து அண்ணனத் தேடிக்கிட்டு ஒரு மொதலாளி வருவார்னு நாங்க நெனக்கவே இல்ல" என்று செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அந்தத் தண்ணீர் உப்புக் கரித்தது. மக்கீன் முழுவதையும் குடித்தார்.

கண்டிக்குத் திரும்பியதும் அவர் சங்கத்துப் பக்கமே போகவில்லை. ஏரிக்கரைச் சங்கம் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. முப்பத்தைந்தில் மயில்வாகனம் தானே வீடு தேடி வந்து, கமிட்டி பழசை மறந்துவிட்டது, திரும்பி வாரும் என்று கேட்டார். "தெரிஞ்ச ஆள் போயிட்டார்" என்று மக்கீன் சொன்னார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார்.

திகனவில் தோட்டத்தை ஒட்டி ஒரு வெட்டவெளி இருந்தது. சந்தைக் கடைக்காரர்களும் வண்டிக்காரர்களும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அங்கே பந்து விளையாடுவார்கள். முதலில் மக்கீன் வேலி ஓரத்தில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போனார். தனக்குச் சொல்லப்பட்டது எவ்வளவோ அவ்வளவைத்தான் சொன்னார். முன்கால், மூச்சு, தலை, இடது கை. அதற்கு மேல் கேட்டால் தெரியாது என்றார். ஹமீதும் ரயில்வேயில் லீவு கிடைத்த நாட்களில் வந்து வீசினான். அவனுடைய தோளை மக்கீன் ஒவ்வொரு பந்துக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார். மனசு லேசான நாள் என்று ஒன்று அவருக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை இரவு கண்டி வீட்டில் ரயில் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுபோகும்.

ஒருநாள் அங்கே விளையாட வந்த, சந்தையில் அரிசிக்கடை வைத்திருந்த மஸீனாவின் புருஷன் அவரிடம் கேட்டார். "இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லித் தந்த நானா?"

"வீரையான்டு ஒரு ஆள்."

"எந்த டீம்ல ஆடின?"

"ஒன்டுலயும் ஆடல்ல" என்றார் மக்கீன். "நாங்க ஆட விடல்ல."